கண்ணாடி மாதிரி தண்ணி

மூணு மாசமா ஏன் ஒண்ணுமே எழுதலைன்னு நாலஞ்சு பேர் போன் போட்டே கேட்டுட்டீங்க. ஊர்ல இல்லீங்க. கனடாவில் இருக்கிற மக வீட்டுக்குப் போயிருந்தோம், நானும் வீட்டுக்காரியும். இந்த 2022 சூன் ஆரம்பத்தில் போய் ஆகஸ்ட் கடைசியில் திரும்பினோம். ரெண்டு எருமையும் கன்னும் பங்காளி வீட்டில் இருந்தது. சோளத்தட்டும் நாற்பது தென்னையும் நான் இல்லைன்னா ஒண்ணும் கோவிச்சுக்காது.

நயாகராவைப் பத்தி எழுதச் சொல்லாதீங்க. பார்த்தோம், நனைஞ்சோம், அவ்வளவுதான். அதை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நான் சொல்ல வந்தது டொரண்டோவுக்கு வடக்கே ஏரிக்கரையில் டென்ட் போட்டுப் படுத்த கதையை. மாப்பிள்ளைக்கு அதுதான் பைத்தியம். வாரம் அஞ்சு நாள் கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருவார். வெயில் காலம் வந்தால் டென்ட், தூண்டில், அடுப்பு எல்லாத்தையும் வண்டியில் ஏத்திக்கிட்டுக் காட்டுக்குப் போயிடுவார். அந்த ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் இருக்காங்க. அஞ்சு மாசம் பனிக்குள்ள கிடக்கிற சனம், வெயிலை ஒரு நாள் கூட வீணாக்குறதில்லை.

இடம் பிடிக்கிறதே பெரிய கூத்து. அரசாங்கப் பூங்காவில் டென்ட் போட அஞ்சு மாசம் முன்னாடி பதியணும். காலையில் ஏழு மணிக்கு நெட்டில் திறக்கும். நம்ம தட்கல் டிக்கெட் மாதிரி நிமிஷத்தில் நல்ல இடமெல்லாம் போயிடும். எங்களுக்குன்னு மக பிப்ரவரியிலேயே எழுந்து உட்கார்ந்து பதிஞ்சிருக்கு. விசா அப்ப இன்னும் வரவே இல்லை.

சூன் மாசம் ஒரு தடவை கிட்டத்தில் போனோம். அதைச் சொல்ல ஒண்ணும் இல்லை, கொசு தின்னதுதான் மிச்சம். நம்ம ஊர் கொசு திருடன் மாதிரி வரும், அங்கே ஊர்வலமா வருது. சூலையிலும் ஆகஸ்ட்டிலும் போனது கில்லார்னி என்கிற இடம். அதுதான் மனசில் நின்னுடுச்சு.

டொரண்டோவிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். பாதி வழி வரைக்கும் சோளக்காடு, மாட்டுப்பண்ணை எல்லாம் இருக்கு. அதுக்கு மேல் மண் முடிஞ்சு பாறை ஆரம்பிக்குது. பாறை, அதுக்கு இடையில் ஏரி, ஏரிக்குச் சுத்தி ஊசியிலை மரம், மறுபடியும் பாறை. கடைசியில் பெரிய ரோட்டை விட்டுத் திரும்பி 67 கிலோமீட்டர் உள்ளே போகணும். அவ்வளவு தூரத்துக்கு ஒரு டீக்கடை கிடையாது. கோயில் கிடையாது. ஒரு ஆட்டுக்குட்டி கூடக் கண்ணில் படலை. அந்த ரோடே 1962ல்தான் வந்ததாம். அதுக்கு முன்னாடி கில்லார்னி கிராமத்துக்குப் படகில்தான் போகணும்.

மலையைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியலை. வெள்ளையா இருக்கு. பனின்னு நினைச்சேன், சூலை மாசத்தில் ஏது பனி? கிட்டப் போனால் எல்லாம் வெங்கச்சங்கல்லு. நம்ம தோட்டத்தில் ஏர் ஓட்டும்போது கைக்குக் கை பொறுக்கி வரப்பில் போடுவோமே, அதே சாதிக்கல். இங்கே அது முட்டை அளவில் கிடக்கும். அங்கே மலையே அதுதான். குவார்ட்சைட்னு சொன்னாங்க. லா குளோஷ் மலைன்னு பேர், பிரெஞ்சில் குளோஷ்னா மணி. தட்டினால் மணி மாதிரி ஓசை வர்ற பாறை அங்கே இருந்ததாம். அந்த மண்ணின் பூர்வகுடி சனங்கள் அதைத் தட்டித்தான் சேதி சொல்லிக்கிட்டாங்கன்னு ஒரு பேச்சு உண்டு.

ஜார்ஜ் ஏரின்னு ஒரு ஏரி. அதன் கரையில்தான் எங்க டென்ட். எங்களோட இன்னொருத்தரும் வந்திருந்தார். மக வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறவர். பருத்தித்துறைப் பக்கத்து ஆள், எழுபது வயசு. முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடி சண்டைக்குத் தப்பி வந்தவர். பரம்பரையா கடல் தொழில். நான் அவரை அண்ணான்னு கூப்பிட்டேன், அவர் என்னைத் தம்பின்னார். தூண்டில் பெட்டியைத் திறந்தார்னா நம்ம ஊர் ஆசாரியோட பெட்டி மாதிரி ஒவ்வொண்ணும் அதது இடத்தில் இருக்கும்.

முதல் நாள் ராத்திரியே ஒரு பஞ்சாயத்து. அங்கே கரடி உண்டு. சாப்பாடு, பாத்திரம், சோப்பு, பல் விளக்குற பேஸ்ட் வரைக்கும் வாசனை வர்ற எதுவும் டென்ட்டுக்குள்ள இருக்கக்கூடாது, வண்டியில் வெச்சுப் பூட்டணும். வீட்டுக்காரி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ஸ்கார்பரோ தமிழ்க்கடையில் வாங்கின நெத்திலிக் கருவாடு. மாப்பிள்ளைக்கு முகமே மாறிப்போச்சு. "அத்தை, இது வண்டியில இருந்தாலே கரடி கண்ணாடியை உடைச்சிடுமுங்க"ன்னார். அண்ணன் சிரிச்சு சிரிச்சுப் புரை ஏறிட்டார். "தம்பி, அதை இப்பவே பொரிச்சுச் சாப்பிட்டு முடிச்சிடுவம். கரடிக்கு ஏன் குடுப்பான்?" அப்படியே ஆச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து ரசஞ்சோத்துக்குக் கருவாடு கடிச்சோம்.

அன்னைக்கு ராத்திரி ஒரு சத்தம் கேட்டுச்சு. யாரோ பொம்பளை தூரத்தில் அழுது, பாதியில் சிரிக்கிற மாதிரி. நான் எழுந்து உட்கார்ந்துட்டேன். பேரன் அரைத்தூக்கத்தில், "அப்புச்சி, அது லூன், படுங்க"ன்னான். லூன்னு ஒரு பறவை, வாத்தை விடப் பெரிசு. முங்கி முங்கி மீன் பிடிக்கும். அந்த ஊர் ஒரு டாலர் காசில் அதன் படம்தான் இருக்கு, அதனால் காசுக்கே லூனின்னுதான் பேர். ஒரு பறவைக்கு இவ்வளவு மரியாதையான்னு நினைச்சுக்கிட்டே தூங்கிட்டேன். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருக்கிற கதை மறுநாள்தான் தெரிஞ்சது.

மறுநாள் மலை ஏறினோம். தி கிராக்னு ஒரு இடம், வெடிப்புன்னு அர்த்தம். போக வர ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் கடைசியில் பாறை ரெண்டாப் பிளந்து, அதுக்குள்ள விழுந்த கல் மேல் கையும் காலும் ஊனி ஏறணும். வீட்டுக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு எனக்கு முன்னாடி ஏறிட்டாள். மேலே போய்ப் பார்த்தால், வெள்ளை மலைக்கு நடுவில் ரெண்டு ஏரி. ஒண்ணு கில்லார்னி ஏரி. இன்னொண்ணு ஓ.எஸ்.ஏ. ஏரி. அது நீலம்னு சொன்னால் போதாது, மயில் கழுத்தில் இருக்கிற நீலம். ஓ.எஸ்.ஏ.ன்னா ஒண்டாரியோ ஓவியர் சங்கம். 1931ல் அந்த ஏரியைச் சுத்தி மரம் வெட்டப் போறாங்கன்னு தெரிஞ்சு, ஏ.ஒய். ஜாக்சன் என்கிற ஓவியர் அரசாங்கத்துக்கு எழுதிப் போராடி நிறுத்தினாராம். அதுக்கு மரியாதையா அந்தப் பேர். முன்னாடி அதுக்கு டிரவுட் ஏரின்னு பேர். டிரவுட்னா மீன்.

கீழே இறங்கினப்புறம் பூங்காவில் வேலை பார்க்கிற ஒரு பொண்ணுகிட்ட, காலேஜ் படிக்கிற பொண்ணு, லீவுக்கு அங்கே வேலை, மக மூலமாக் கேட்டேன். தண்ணி ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கு? கனோவில் போறவங்க இருபது முப்பது அடி ஆழத்தில் கிடக்கிற கல்லை எண்ணலாம்னு சொல்றாங்களே?

அந்தப் பொண்ணு சொன்னதை மக மொழிபெயர்க்க மொழிபெயர்க்க எனக்குக் கால் மரத்துப் போச்சு. "அப்பா, அது சுத்தம் இல்லையாம். அதுல உசுரு இல்லாததாலதான் அவ்வளவு தெளிவா இருந்துச்சாம்."

கில்லார்னிக்கு வடகிழக்கே, நேராப் பார்த்தால் ஐம்பது அறுபது கிலோமீட்டரில் சட்பரின்னு ஒரு ஊர். நிக்கலும் செம்பும் எடுக்கிற ஊர். தாதுக்கல்லில் கந்தகம் இருக்கும். அதை உருக்கும்போது கந்தகப்புகை போகும். ஆரம்பத்தில், நூறு வருஷத்துக்கு முன்னாடி, மரத்தை வெட்டி அடுக்கி, அதுமேல் தாதுக்கல்லைக் கொட்டி, நம்ம சுண்ணாம்புக் காளவாய் மாதிரித் திறந்தவெளியில் மாசக்கணக்கில் எரிச்சிருக்காங்க. அப்புறம் பெரிய உருக்காலைகள் வந்தது. அந்தப் புகை மேகத்தில் சேர்ந்து மழையா, பனியா விழும். அமில மழை. பனியிலும் அமிலம் தங்கி, வசந்த காலத்தில் பனி உருகும்போது மொத்தமா ஒரே மூச்சில் ஏரிக்குள்ள இறங்கும். சரியா அந்த நேரத்தில்தான் பல உயிர்கள் முட்டையில் இருக்கிற காலம்.

இதில் எனக்குச் சட்டுனு புரிஞ்சது ஒண்ணு உண்டு. சுக்கான் மண்ணா இருந்திருந்தால் தாங்கியிருக்கும். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அது அமிலத்தைத் தின்னுடும். நம்ம காங்கேயம் பக்கத்து மண்ணில் ஒரு முழம் தோண்டினால் சுக்கான் வரும், நாமெல்லாம் அதைத் திட்டுவோம். கில்லார்னியில் இருக்கிறது வெங்கச்சங்கல். அதில் சுண்ணாம்புச் சத்தே கிடையாது. விழுந்த அமிலம் அத்தனையும் அப்படியே ஏரிக்குப் போச்சு. அதே அமில மழை விழுந்தும், பக்கத்தில் சுண்ணாம்புப் பாறை இருக்கிற ஏரிகள் பிழைச்சுக்கிச்சாம்.

1960களில் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஹார்வின்னு ஒரு பேராசிரியர், லம்ஸ்டன் ஏரியில் ஆராய்ச்சிக்காகச் சால்மன் குஞ்சுகளை விட்டார். திரும்ப வந்து பார்த்தால் ஒண்ணு கூட இல்லை. அதைத் தேடப்போய்த்தான், அவரும் ரிச்சர்ட் பீமிஷ் என்கிற அவர் மாணவரும் ஏரி ஏரியா அளந்து, அந்த மலையில் இருக்கிற ஏரியெல்லாம் அமிலமாகி மீன் அத்துப்போச்சுன்னு 1972ல் எழுதினாங்க. லம்ஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு ஏரிக்கு இப்பவும் பேரே ஆசிட் ஏரி.

மீன் எப்படிச் செத்துச்சு என்கிறதைக் கேளுங்க. செத்து மிதக்கலை. மிதந்திருந்தால் யாராவது பார்த்திருப்பாங்க. பெரிய மீன் அமிலத்தைக் கொஞ்ச காலம் தாங்கும். முட்டை தாங்காது, குஞ்சு தாங்காது. அதனால் புதுசாப் பிறக்கிறது நின்னுபோகும். இருக்கிற மீன் வயசாகி, போட்டிக்கு ஆள் இல்லாமல் நல்லாத் தின்னு பெருத்துக்கிட்டே இருக்கும். தூண்டில் போடுறவனுக்கு மீன் கம்மியா, ஆனால் பெரிசு பெரிசாக் கிடைக்கும். அவன் சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பான். ஒரு வருஷம் அதுவும் நின்னுடும்.

இதைக் கேட்டப்ப நான் எங்கே போயிட்டேன்னு இங்கே தொடர்ந்து படிக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்க தோட்டம் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992ல் அணை வந்தப்ப எங்க அப்பா ஆத்துக்குப் பூப்போட்டுக் கும்பிட்டார். பாசனத்துக்குக் கட்டின அணையில் சாயக்கழிவு வந்து நின்னுச்சு. எங்களுக்கு வந்தது அமிலம் இல்லை, உப்பு. கிணத்துத் தண்ணியை டெஸ்ட்டுக்குக் குடுத்தால் டி.டி.எஸ். நாலாயிரத்துக்கு மேல் வரும். அப்பவும் தென்னை உடனே சாகலை. நின்ன மரம் நின்னுச்சு, வெச்ச கன்னு எதுவும் பிடிக்கலை. மஞ்சள் போச்சு, நெல்லு போச்சு. வெளியூர் ஆளுங்க வந்து பார்த்தால் "தோப்பு பச்சையாத்தானே இருக்கு"ம்பாங்க. பெரிய மீன் பிடிச்சவன் கதைதான்.

சட்பரியில் 1972ல் ஒரு வேலை பண்ணினாங்க. ஊருக்குள்ள புகை தாங்கலைன்னு 381 மீட்டர் உயரத்தில் ஒரு புகைபோக்கி கட்டினாங்க. சூப்பர்ஸ்டாக்னு பேர். சட்பரிக்காரன் மூச்சு விட்டான். ஆனால் புகை குறையலையே, உயரத்தில் ஏறித் தூரமாப் போய் இன்னொருத்தன் ஏரியில் விழுந்துச்சு. கழிவைக் குழாய் போட்டு அடுத்த ஊர் எல்லையில் விடுற புத்தி உலகம் முழுக்க ஒண்ணுதான் போல.

அப்புறம்தான் வழிக்கு வந்தாங்க. 1985ல் ஒண்டாரியோ அரசாங்கம் பெரிய ஆலைகளுக்கு அளவு வெச்சு, இத்தனை வருஷத்துக்குள்ள கந்தகத்தைக் குறைன்னு சட்டம் போட்டது. 1991ல் அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்டாங்க. புகைக்கு எல்லைக்கோடு தெரியாதே, அந்தப் பக்கத்திலிருந்தும் வந்துக்கிட்டிருந்தது. ஆலைகள் எந்திரத்தை மாத்தி, கந்தகத்தைப் புகையா விடாமல் பிடிச்சு அமிலமாக்கி வித்தாங்க. பத்து பங்கில் ஒன்பது பங்குக்கு மேல் குறைஞ்சது. 2020ல் அந்தப் பெரிய புகைபோக்கிக்கே வேலை இல்லாமல் நிறுத்திட்டாங்க.

எனக்கு அந்தச் சட்பரியைப் பார்த்தே ஆகணும்னு தோணிடுச்சு. "அப்பா, காட்டுக்கு வந்துட்டு யாராவது ஃபேக்டரி பார்க்கப் போவாங்களா?"ன்னு மக கேட்டுச்சு. மாப்பிள்ளை மறுபேச்சு பேசாமல் வண்டியை எடுத்தார். தூரத்திலேயே அந்தப் புகைபோக்கி தெரியுது, ஒரு வாய்ப் புகை இல்லாமல் சும்மா நிக்குது. ஊரைச் சுத்திப் பாறையெல்லாம் கறுப்பு. அது பிறவிக் கறுப்பு இல்லை, புகை பட்டுக் கறுத்தது. மரம் செத்து, மண்ணு அரிச்சுப் போய், பாறை மட்டும் மிஞ்சிய ஊர் அது. பழைய போட்டோவில் பார்த்தால் சுடுகாடு மாதிரி இருக்கு.

ஆனால் நாங்க பார்த்தப்ப பச்சை. 1978ல் ஆரம்பிச்சு, காலேஜ் பசங்களும் வேலை போன சுரங்கத் தொழிலாளிகளும் சுண்ணாம்புக்கல் பொடியை மூட்டை மூட்டையாத் தோள்ல சுமந்து, பாறை இடுக்கெல்லாம் கையால் தூவியிருக்காங்க. எக்டேருக்குப் பத்து டன். நம்ம கணக்கில் ஏக்கருக்கு நாலு டன். அதுமேல் கொஞ்சம் உரம், புல்லு விதை, பயறு சாதிச்செடி விதை. மண்ணு கொஞ்சம் பிடிச்சப்புறம் மரக்கன்னு. இதுவரைக்கும் ஒரு கோடி மரத்துக்கு மேல் நட்டாச்சு. ஒரு சரிவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் மண்ணை எடுத்துப் பார்த்தேன். ரெண்டு விரக்கடைதான் இருக்கும், அதுக்குக் கீழே பாறை. ஆனால் அது மண்ணு. மோந்து பார்த்தேன், இலை மக்கின வாசம். பைன் மரம் என் உயரத்துக்கு மூணு மடங்கு நின்னுச்சு.

ஒரு வேடிக்கை சொல்றேன். அந்த அமிலத்திலும் ஒண்ணு மட்டும் ஜோரா வளர்ந்திருக்கு. புளூபெர்ரி. அதுக்குப் புளிச்ச மண்ணுதான் வேணுமாம். சட்பரியிலும் கில்லார்னி பாறை மேலயும் ஆகஸ்ட்டில் கொத்துக்கொத்தாக் காய்ச்சுக் கிடந்தது. வீட்டுக்காரி மடி நிறையப் பறிச்சாள். எல்லாம் கெட்டுப்போன இடத்திலும் ஏதோ ஒண்ணுக்கு நல்ல காலம். எங்க பக்கம் உப்புத் தண்ணியில் சீமைக்கருவேலம் வளர்ந்த மாதிரி. ஆனால் அதில் சாப்பிட ஒண்ணும் இல்லை.

ஆகஸ்ட் மாசம் ரெண்டாவது தடவை போனப்ப கனோ வாடகைக்கு எடுத்து உள்ளே போனோம். கனோ என்கிறது ரெண்டு பக்கமும் கூர்மையான லேசான படகு. ஜார்ஜ் ஏரியில் துடுப்புப் போட்டுப் போய், கரை வந்ததும் இறங்கி, படகைத் தலைகீழாக் கவுத்துத் தோள்ல வெச்சு நடந்து, அடுத்த ஏரியில் இறக்கணும். போர்ட்டேஜ்னு சொல்றாங்க. மஞ்சள் பலகை வெச்சிருப்பாங்க. மாப்பிள்ளை தூக்கி நாலு எட்டு வெச்சதும் இளைச்சார். "விடுங்க மாப்பிள்ளை"ன்னு நான் வாங்கிக்கிட்டேன். கலப்பையும் நுகத்தடியும் சுமந்த தோளுக்கு இது ஒரு கனமா? நானூறு மீட்டர் போல நடந்து கில்லார்னி ஏரியில் இறக்கினேன். பேரன், "அப்புச்சி சூப்பர்"ன்னான். அமெரிக்கா, கனடா எல்லாம் சுத்தி வந்ததில் எனக்குக் கிடைச்ச ஒரே பட்டம் அது.

மேலே இருந்து பார்த்த அந்த ஏரிக்குள்ளே இப்ப நான். துடுப்பை நிறுத்திட்டுக் குனிஞ்சு பார்த்தேன். விழுந்து கிடக்கிற மரம், வெள்ளைக்கல், எல்லாம் கீழே தெளிவாத் தெரியுது. அழகுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனால் விவரம் தெரிஞ்சப்புறம் அந்த அழகைப் பார்க்க ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப அமிலம் வெகுவாக் குறைஞ்சிருக்கு. சில ஏரியில் மீன் மறுபடியும் முட்டை போட்டுப் பெருகுது. சிலதில் தண்ணி இன்னும் தேறலை. சிலதில் தண்ணி தேறியும் மீன் வரலை. ஏன்னா மீன் எப்படி வரும்? மலை மேல் தனியா இருக்கிற ஏரிக்கு அது நடந்தா வரும்? யாராவது கொண்டுவந்து விட்டால்தான் உண்டு. அப்படி விட்டும் இருக்காங்க. லூன் கதையும் அதுதான். மீன் இல்லாத ஏரியில் லூன் குஞ்சு பொரிச்சு வளர்க்க முடியாது. நான் ராத்திரி கேட்ட அந்தச் சத்தம் சும்மா வரலை.

நாங்க மீன் பிடிச்சது உள்ளே இருக்கிற ஏரியில் இல்லை, வெளியே ஜார்ஜியன் வளைகுடாவில். பேருதான் வளைகுடா, ஹியூரான் என்கிற பெரிய ஏரியின் ஒரு கை அது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணி, செம்பாறைக் கரை. மீன் பிடிக்க லைசன்ஸ் வாங்கணும், எனக்கு ஒரு நாள் லைசன்ஸ் எடுத்தாங்க. எந்த மீன், எந்த மாசம், எத்தனைன்னு எல்லாத்துக்கும் கணக்கு. அண்ணனுக்கு அந்தச் சட்டப் புத்தகம் மனப்பாடம். "முதல்ல எனக்குச் சிரிப்பா இருந்தது தம்பி. கடல்ல பிறந்தவனுக்கு லைசன்ஸோ எண்டு. இப்ப விளங்குது. கணக்கு வைக்கிறபடியால்தான் பேரப்பிள்ளைக்கும் மிஞ்சும்"னார்.

பாஸ்னு ஒரு மீன் கடிச்சது. கையளவு தூண்டிலில் அது இழுத்த இழுப்பு இருக்கே, கன்னுக்குட்டி கயித்தை இழுக்கிற மாதிரி. ரெண்டு வெச்சுக்கிட்டோம், மீதியைத் திரும்ப விட்டாச்சு. பிடிச்ச மீனைத் தண்ணியில் விடுறதைப் பார்த்து வீட்டுக்காரிக்கு மனசே ஆறலை. "அப்பறம் எதுக்குங்க பிடிக்கிறது?"ன்னாள். நியாயமான கேள்விதான். எனக்கும் விளையாட்டுக்கு வாயில் கொக்கி மாட்டி இழுத்துட்டு விடுறது பிடிக்கலை. அண்ணன் அந்த ரெண்டையும் பாறை மேல் வெச்சு அறுத்து, கொண்டுவந்த மிளகாய்த்தூளும் பழப்புளியும் போட்டு ஒரு குழம்பு வெச்சார்.

சாப்பிடும்போது கேட்டேன், "அண்ணா, உங்க கடலை ஒரு தடவை போய்ப் பார்க்கலையா?"

கொஞ்ச நேரம் பேசலை. "சண்டை முடிஞ்ச பிறகு ஒருக்கால் போனனான். வீடு இல்லை, கிணறு மட்டும் இருந்தது. அள்ளிக் குடிச்சுப் பாத்தன். அதே தண்ணி தம்பி." அதுக்கு மேல் அவரும் சொல்லலை, நானும் கேட்கலை.

அன்னைக்கு ராத்திரி மக மெதுவாப் பேச்சை எடுத்துச்சு. எடுக்கும்னு தெரியும். மூணு மாசமா எப்படா எடுக்கும்னு வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தாள். "அப்பா, அந்தக் காட்டை வித்துடுங்களேன். ரோட்டோரம், சைட்டுக்குக் கேக்கறாங்கன்னு நீங்களே சொன்னீங்க. உப்பு மண்ணை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருசம்?" மக சொன்னதில் தப்பு ஒண்ணும் இல்லை. 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, அப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாதுன்னு நிபந்தனையோட திறந்து, பதினோரு வருஷம் ஆச்சு. நல்ல மழை பேஞ்ச வருஷம் கிணத்தில் உப்புக் குறையுது, காஞ்ச வருஷம் திரும்ப ஏறுது. மழை வர்ற ராத்திரியில் ஆத்தில் நுரை வர்றதும் முழுசா நிக்கலை.

நான் மககிட்ட ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டினேன். லம்ஸ்டன் ஏரியில் மீன் இல்லைன்னு கண்டுபிடிச்சது 1960களில். புகையை நிஜமாக் குறைச்சது எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும். குறைச்சு முப்பது வருஷம் ஆகியும் சில ஏரி இன்னும் தேறலை. சுண்ணாம்பு சுமந்த பசங்களுக்கெல்லாம் இப்ப என் வயசு இருக்கும். அப்ப நம்ம ஆத்துக்கு? "உங்களுக்கு எண்பது வயசாயிடுமுங்கப்பா"ன்னு மக சொல்லுச்சு. ஆமாம் கண்ணு, அவ்வளவு ஆகும்னுதான் நானும் சொல்றேன்னேன். ரெண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் சொன்னோம், ஆனால் பதில் வேற வேற. பேரன் குறுக்கே வந்து, "அப்புச்சி தோட்டத்துக் கிணத்துல மீன் இருக்கா?"ன்னு கேட்டான். இருந்துச்சு சாமின்னேன். கெண்டையும் கெளுத்தியும் கிடந்த கிணறு அது. நான் அவன் வயசில் மதகில் உட்கார்ந்து துண்டில் பிடிச்சிருக்கேன்.

ஊருக்கு வந்து பத்து நாள் ஆச்சு. வந்த மறுநாளே புரோக்கர் வந்துட்டார், பார்ட்டி அட்வான்சோட நிக்குதுன்னு. ஐப்பசி மழை முடியட்டும், தண்ணியை டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டுப் பேசறேன்னு சொல்லியனுப்பிட்டேன். போன வாரம் பவானியிலிருந்து கெண்டைக்குஞ்சு நூறு வாங்கிட்டு வந்து கிணத்தில் விட்டேன். மூணு நாளில் பாதிக்கு மேல் மிதந்துச்சு. மீதி எங்கே இருக்குன்னு தெரியலை. நேத்து சாயங்காலம் ரெண்டு பொரியை வீசிப் பார்த்தேன். ஒரு பக்கம் தண்ணி லேசாச் சுழிச்ச மாதிரி இருந்துச்சு. வீட்டுக்காரி காத்துதான் என்கிறாள்.